உயிரியல் வகுப்புக்கு எந்த சிமுலேஷன்? தோட்டத்து ஊரிலிருந்து ஒரு ஒப்பீடு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் படிவம் 2 அறிவியலுக்கும் படிவம் 4, 5 உயிரியலுக்கும் டியூஷன் எடுக்கிற எங்கள் மாதிரி ஆட்களிடம் இப்போது அடிக்கடி வருகிற கேள்வி இது: "சார், இந்த உணவு வலை, இரை, கொன்றுண்ணி எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடவிட்டுக் காட்டுறாங்களாமே, நாமளும் ஏதாவது வாங்கிப் போடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள். சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கும், யாரோ கொடுத்த பழைய மடிக்கணினிகள் அலமாரியில் தூங்கும், இரண்டையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நினைப்பார்கள். நல்ல விஷயம்தான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மென்பொருளுக்குக் காசு கட்ட வேண்டாம், ஒன்றே ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நெட்லோகோ என்ற இலவச மென்பொருளை எடுங்கள். ஆனால் யாருக்கு, எந்தப் பாடத்துக்கு என்று பார்த்தால் மற்றவற்றுக்கும் இடம் இருக்கிறது.

முதலில், சிமுலேஷன் எதற்கு? பாடநூலில் இரை ஒரு கோடு, கொன்றுண்ணி ஒரு கோடு, இரண்டும் மேலும் கீழும் அலையும் வரைபடம் இருக்கும். பிள்ளைகள் அதை அச்சு அசலாக வரைந்துவிடுவார்கள். "இரை கூடினால் கொன்றுண்ணி கூடும், கொன்றுண்ணி கூடினால் இரை குறையும்" என்று ஒப்பிக்கவும் செய்வார்கள். சரி, கொன்றுண்ணியின் உச்சம் ஏன் இரையின் உச்சத்துக்குப் பிறகு வருகிறது, இரை இறங்க ஆரம்பித்த பிறகும் அது ஏன் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நிஜத்தில் இது நடந்து முடிய வருடக்கணக்காகும், கனடாவின் பனிமுயலும் லின்க்ஸ் பூனையும் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 10 ஆண்டு எடுக்கின்றன. வகுப்பில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் சிமுலேஷன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவாத சிமுலேஷன், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்கு வேண்டாம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஃபெட் கொஞ்சம் சறுக்கும். ஃபெட் என்பது நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிமுலேஷன் தொகுப்பு, முழுக்க இலவசம், இயற்பியல் ஆசிரியர்கள் பலருக்கு ஏற்கெனவே பழக்கம். உயிரியலில் அதன் 'இயற்கைத் தேர்வு' சிமுலேஷன்தான் எல்லோரும் காட்டுவது. முயல்களை விடலாம், பழுப்பு ரோமம், தொங்கு காது, நீளப் பல் என்று திடீர் மாற்றங்களைக் கொடுக்கலாம், ஓநாயை விடலாம், உணவைக் குறைக்கலாம், பாலைவனத்தைப் பனிப்பிரதேசமாக மாற்றலாம். எதையுமே செய்யாமல் விட்டால் முயல்கள் பெருகிப் பெருகி உலகத்தையே பிடித்துவிடும், பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். கைப்பேசியிலும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

பிரச்சினை என்னவென்றால் அந்த ஓநாய்கள் மக்கள்தொகையாக இல்லை. முயல் குறைந்தால் அவை பட்டினி கிடப்பதில்லை, கூடினால் குட்டி போடுவதும் இல்லை, மழை வெயில் மாதிரி வந்து அடித்துவிட்டுப் போகின்றன. ஆகவே படிவம் 5ல் மாறுபாடு பாடத்துக்கு இதைவிட நல்லது கிடைக்காது, சூழல் மண்டலப் பாடத்துக்கு இது சரிப்படாது. முயலும் ஓநாயும் இருக்கிறது என்பதால் 'எக்கோசிஸ்டம் சிமுலேஷன்' என்று பெயர் வைத்துக் காட்டுகிறவர்கள் உண்டு, பிள்ளைகள் குழம்பித்தான் போகிறார்கள்.

காசு கட்டிப் பயன்படுத்துகிறவற்றில் கிஸ்மோஸ் பிரபலம். உணவுச் சங்கிலிக்கு அதில் பருந்து, பாம்பு, முயல், புல் என்று நான்கு அடுக்கு இருக்கும், ஒன்றைக் கூட்டினால் மற்றவை எப்படி ஆடுகின்றன என்று பார்க்கலாம், ஆசிரியருக்கான பயிற்சித்தாளும் சேர்ந்தே வரும். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் சந்தா கட்ட வேண்டும், அடுத்த வருடம் சங்கத்தில் பணம் இல்லை என்றால் எல்லாம் போச்சு. அதைவிடப் பெரிய குறை, உள்ளே என்ன விதி ஓடுகிறது என்று திறந்து பார்க்க முடியாது. பருந்தைக் கூட்டினால் பாம்பு குறைந்தது, சரி, ஏன் அவ்வளவு குறைந்தது? செய்தவருக்குத்தான் தெரியும்.

இந்த 'திறந்து பார்ப்பது'தான் எனக்கு முக்கியம். சிமுலேஷன் என்பது யாரோ ஒருவர் போட்ட அனுமானங்களின் மூட்டை. மூட்டையை அவிழ்க்க முடியாதபோது பிள்ளை பாடநூலை நம்பியது போலத் திரையையும் நம்பிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவிழ்ப்பதற்கு ஆக எளிதானது விரிதாள். எக்செல் போதும், கூகுள் ஷீட்டும் போதும். ஆல்ஃபிரட் லோட்கா 1925லும் வீட்டோ வோல்டெரா 1926லும் தனித்தனியாக எழுதிய இரை, கொன்றுண்ணி சமன்பாடுகளை (வோல்டெராவைத் தூண்டியது அவருடைய மருமகன் கொண்டுவந்த ஏட்ரியாட்டிக் கடல் மீன் கணக்கு: முதல் உலகப் போரில் மீன்பிடிப்பு குறைந்தபோது சுறா வகைகளின் பங்கு கூடியது ஏன் என்ற கேள்வி) இரண்டே வரிசையில் போட்டுவிடலாம். நான் முயலை விட்டுவிட்டுத் தோட்டத்துக் கணக்காகவே போடுவேன். எலி 400, அதைத் தின்கிற கூகை (ஒரு வகை ஆந்தை) 10. ஒவ்வொரு படியிலும் எலி நூற்றுக்கு 10 கூடும், ஒரு கூகை இருக்கிற எலியில் நூற்றுக்கு 1ஐத் தின்னும். ஆக 40 பிறக்கிறது, 40 செத்துப்போகிறது, எலி 400லேயே நிற்கும். கூகையில் நூற்றுக்கு 5 சாகும், அது அரை கூகை; தின்ற 100 எலிக்கு ஒரு கூகை என்று வைத்தால் 40 எலிக்குப் பிறப்பது 0.4. மிச்சம் 9.9 கூகை. அடுத்த படியில் எலி 400.4. இவை கையில் கணக்குப் போட வசதியாக எடுத்த எண்கள்தான், தோட்டத்தில் அளந்தவை இல்லை. இப்படி முதல் இரண்டு மூன்று படியைக் கையால் போடவைத்துவிட்டு, மிச்சத்தை இழுத்து நிரப்பி வரைபடம் போட்டால் அலை எழும். கூகையின் உச்சம் ஏன் பிந்தி வருகிறது என்பதற்குப் பதில் அந்த வரிசைகளிலேயே இருக்கிறது: எலி அதன் சமநிலை எண்ணுக்கு மேலே இருக்கிற வரைக்கும், அது இறங்கிக்கொண்டிருந்தாலும் கூட, கூகையின் பிறப்பு இறப்பைவிடக் கூடுதல். கணக்கில் கெட்டியான பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் முகம் மலரும்.

மற்றவர்களுக்குத் தூக்கம் வரும், அதையும் மறைக்க வேண்டாம். இன்னொன்று, விரிதாளில் 0.4 கூகை, 0.003 கூகை எல்லாம் உயிரோடு இருக்கும். கூகை கிட்டத்தட்ட ஒழிந்துபோய், அந்தப் பொடித் துண்டிலிருந்து மறுபடி பெருகி வரும். நிஜத்தில் கடைசிக் கூகை செத்தால் செத்ததுதான். அப்புறம் அலையின் உயரம் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போவதையும் கவனிப்பீர்கள். இயற்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, படிப்படியாகத் தாவிக் கணக்குப் போடுவதால் சேர்கிற பிழை அது. மூலச் சமன்பாட்டில் அலை ஒரே உயரத்தில்தான் சுற்றும். ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை கேட்கும்போது கதை விட வேண்டியதாகிவிடும்.

இப்போது நெட்லோகோ. யூரி வில்லென்ஸ்கி 1999ல் வெளியிட்டது, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது, இலவசம், நிரலும் திறந்தது. அதோடு வருகிற மாதிரி (மாடல்) நூலகத்தில் 'ஓநாயும் ஆடும்' என்ற மாதிரி ஒன்று இருக்கிறது, 1997லேயே எழுதியது. 100 ஆடு, 50 ஓநாயோடு ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆடும் ஒவ்வொரு ஓநாயும் தனித்தனியாகத் திரையில் நடக்கும், நடந்தால் சக்தி குறையும், தின்றால் கூடும், சக்தி தீர்ந்தால் சாகும். ஓநாயும் ஆடும் ஒரே கட்டத்தில் வந்து நின்றால் ஆடு காலி. 0.4 ஓநாய் என்ற பேச்சே கிடையாது.

இதில் இரண்டு வகை உண்டு. புல்லைக் கணக்கில் எடுக்காத வகையில் ஆட்டுக்குப் பசியே இல்லை. அதை ஓட்டினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும்: ஓநாய் எல்லா ஆட்டையும் தின்றுவிட்டுத் தானும் பட்டினியில் சாகும், அல்லது ஓநாய் முந்திச் செத்து ஆடு எண்ணிக்கையில்லாமல் பெருகும். புல்லையும் சேர்த்தால், புல் முளைக்க 30 படி ஆகும் என்று வைத்தால், மூன்றும் ஏறி இறங்கி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள், இடையில் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். "புல்லைச் சேர்த்ததும் ஏன் பிழைச்சுது?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

இது வெறும் திரை விளையாட்டு இல்லை என்று காட்ட காஸ் என்ற உயிரியலாளர் செய்த சோதனையைச் சொல்லலாம். மாஸ்கோவில் ஜி. எஃப். காஸ் ஒற்றைச் செல் உயிர்களான பரமேசியத்தையும் அதைத் தின்கிற டிடினியத்தையும் ஒரே குழாயில் வளர்த்து 1934ல் எழுதினார்: டிடினியம் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத் தானும் செத்தது. அடியில் ஒளிந்துகொள்ள வண்டல் போட்டபோது பரமேசியம் தப்பித்தது, டிடினியம்தான் ஒழிந்தது. ஓநாய் ஆட்டு மாதிரியில் புல்லில்லாத வகை காட்டுகிற இரண்டு முடிவுகளும் உண்மைக் குழாயிலேயே நடந்திருக்கின்றன.

ஒரே அமைப்பை எல்லா மடிக்கணினியிலும் ஓட்டினாலும் ஆளுக்கொரு முடிவு வரும், ஏனென்றால் யார் எந்தப் பக்கம் நடப்பது என்பது தற்செயல். இது குறை மாதிரித் தோன்றும், ஆனால் எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) உயிரியலுக்கு இதுதான் வரம். தற்சார்பு மாறி புல் முளைக்கிற நேரம், சார்பு மாறி ஆட்டின் எண்ணிக்கை, மற்றதெல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறி, கருதுகோள் எழுது, பலமுறை ஓட்டிச் சராசரி எடு. சோதனையை ஏன் திரும்பச் செய்ய வேண்டும் என்று நாம் வாய் வலிக்கச் சொல்வது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

பிள்ளைகள் அதில் கண்டுபிடிக்கிற ஓட்டைகளும் நல்ல பாடம். வலது ஓரத்தில் மறைகிற ஓநாய் இடது ஓரத்தில் தலைகாட்டும். "சார், இந்த எஸ்டேட்டுக்கு வேலியே இல்லையா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆண் பெண் இல்லை, ஒற்றை ஆடே குட்டி போட்டுத் தன் சக்தியில் பாதியைக் கொடுத்துவிடும். இதையெல்லாம் நிரலில் போய்ப் படிக்கலாம், வரிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் படிவம் 4 பிள்ளைக்குப் புரிகிற அளவு எளிமை.

படிப்பதோடு நிற்க வேண்டாம், மாற்றவும் மாற்றலாம். இங்கேதான் நெட்லோகோ மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போகிறது. நம் ஊரில் ஓநாய் கிடையாது. செம்பனை (பாமாயில் மரம்) காட்டில் எலி உண்டு, அதைத் தின்கிற கூகை உண்டு, நாகமும் காட்டுப்பூனையும் உண்டு. எலி செம்பனைப் பழத்தைக் கடித்துத் தின்பதால் தோட்டங்கள் கம்பத்தில் பெட்டி அடித்துக் கூகையை வளர்க்கின்றன, சாலையோரத் தோட்டங்களில் அந்தப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள், சுமார் 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்பது வழக்கம். பெட்டி எதற்கு? கூகை தானாகக் கூடு கட்டாது, பொந்து தேடும். செம்பனையில் அதற்கு ஏற்ற பொந்து கிடைப்பது அரிது. அதனால் எலி எவ்வளவு இருந்தாலும் பெட்டி இல்லாவிட்டால் கூகை பெருகாது. லோட்கா வோல்டெரா சமன்பாட்டில் இதற்கு இடமே இல்லை, அங்கே இரை இருந்தால் கொன்றுண்ணி பெருகியே தீரும்.

நெட்லோகோவில் இதைச் சேர்க்க, ஓநாயைக் கூகையாகவும் ஆட்டை எலியாகவும் நினைத்துக்கொண்டு, ஓநாய் குட்டி போடுகிற வரியில் ஒரு நிபந்தனை போதும்: மொத்த ஓநாய் 40க்குக் கீழே இருந்தால் மட்டும் குட்டி. 20 பெட்டி, பெட்டிக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டினால் ஓநாய்க் கோடு ஏறிப் போய் ஒரு கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும், ஆட்டைக் கட்டுப்படுத்துகிற வேலை பெரும்பாலும் புல்லுக்குப் போய்விடும். அப்புறம் கேளுங்கள்: தோட்டத்தில் எலிக்குப் 'புல்' எது? உதிர்ந்த பழமும் குலையும். அது தீர்ந்துபோகுமா? மரம் வருடம் முழுக்கக் காய்க்கிறது, தீராது. அப்படியென்றால் பெட்டியைக் கூட்டாமல் எலி அடங்குமா? எலி மருந்து வைத்தால்? புரோடிஃபாகம் மாதிரி வீரியமான மருந்தைத் தின்ற எலியைக் கூகை தின்றால் கூகைக்கும் விஷம் ஏறும், அதையும் ஒரு வரியாகச் சேர்க்க முடியுமா? ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பருந்தும் பாம்பும் வைத்த சந்தா மென்பொருளில் இந்தப் பேச்சுக்கு வழியே இல்லை.

நெட்லோகோவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் பொத்தான்கள் பொடியாக இருக்கும், விரல் தடுமாறும். ஆங்கிலம், எங்கள் பிள்ளைகள் பள்ளியில் மலாயிலோ, டி.எல்.பி. (இருமொழித் திட்டம்) வகுப்பென்றால் ஆங்கிலத்திலோ படித்துவிட்டு டியூஷனில் தமிழில் கேட்கிறார்கள், அதனால் முதல் வகுப்பில் ஸ்லைடர்களின் (அளவைக் கூட்டிக் குறைக்க இழுக்கிற பட்டைகள்) பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. நிரலைக் கண்டாலே பயப்படுகிற ஆசிரியருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழக வேண்டியிருக்கும். படிவம் 2க்கு நிரல் பக்கமே போக வேண்டாம், ஸ்லைடரும் வரைபடமும் போதும்.

இணையம் பற்றிக் கவலை வேண்டாம். பெரிய மழை அடித்தால் எங்கள் பக்கம் லைன் படுத்துவிடும், ஆனால் நெட்லோகோ வலைப்பதிப்பில் மாதிரியைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம், அப்புறம் இணையமே இல்லாமல் எந்த உலாவியிலும் திறக்கும். ஃபெட் சிமுலேஷன்களையும் அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

சரி, கம்ப்யூட்டரே வேண்டாம், வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்தையே காட்டினால் என்ன என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். தாத்தா பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், அப்பா லாரி ஓட்டுகிறவர், பிள்ளை தாமானில் (வீடமைப்புப் பகுதி) வளர்ந்தது. செம்பனைக்குப் பக்கத்திலேயே இருந்தும் உள்ளே கால் வைக்காத பிள்ளைகள்தான் இப்போது அதிகம். போகத்தான் வேண்டும். ஆனால் நிர்வாகத்திடம் அனுமதி, வண்டி, பெற்றோர் கையெழுத்து, பாம்பு பயம் என்று அது சும்மா கிடைக்கிற வழி இல்லை. தவிர, பகலில் போனால் கூகையைப் பார்க்க மாட்டீர்கள், பெட்டிக்குக் கீழே அது கக்கிப் போட்ட உருண்டைகளைத்தான் பார்ப்பீர்கள். கையுறை போட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் எலியின் மண்டை ஓடும் தாடையும் முழுசாகவே இருக்கும், அதற்கு ஈடான சிமுலேஷன் கிடையாது. அலை மட்டும் அங்கே தெரியாது.

உள்ளே போனால் எந்த ரெடிமேட் சிமுலேஷனிலும் இல்லாத இன்னொன்றையும் காட்டலாம். செம்பனையின் ஆண் பூவில் மொய்க்கிற சின்ன வண்டு கேமரூனிலிருந்து வந்தது, 1981ல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்பு மகரந்தப் பொடியை ஆட்களை வைத்துத் தூவ வேண்டியிருந்தது, உங்கள் பிள்ளையின் பாட்டியே அந்த வேலை பார்த்திருக்கலாம். சூழல் மண்டலம் என்றால் ஒன்றை ஒன்று தின்பது மட்டும்தான் என்ற எண்ணத்தை இந்த ஓநாய், முயல் விளையாட்டுகள் வளர்த்துவிடுகின்றன. எல்லா சிமுலேஷன்கள் மீதும் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை இது.

கையால் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் தயவுசெய்து திரைக்குக் கொண்டுபோகாதீர்கள்: பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மீண்டும் பிடிக்கிற முறை. ஒரு டப்பா மொச்சை போதும். 40ஐ எடுத்துப் பேனாவால் புள்ளி வைத்துத் திரும்பப் போட்டுக் குலுக்கி, 50ஐ எடுத்து, அதில் புள்ளி வைத்தது 10 என்றால் மொத்தம் 40 பெருக்கல் 50 வகுத்தல் 10, அதாவது 200. பிறகு டப்பாவைக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம் என்று விரலால் தொட்டு அறிவது கம்ப்யூட்டரில் வராது, ஏனென்றால் அங்கே உண்மையான எண் எப்போதும் மூலையில் எழுதியே இருக்கிறது.

ஆக, சங்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது: படிவம் 2க்கு நெட்லோகோ, ஸ்லைடரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிவம் 5க்கு மொச்சை, பிறகு நெட்லோகோ நிரலோடு, கணக்குப் பிடித்த நான்கைந்து பேருக்கு மட்டும் விரிதாள். மாறுபாடு பாடம் வரும்போது ஃபெட், அதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்வார்கள். பணத்தைச் சந்தாவில் போடாமல் தோட்டத்துக்குப் போய்வர ஒரு வேன் வாடகைக்கு ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் அந்தப் பழைய மடிக்கணினிகளுக்குப் பேட்டரி மாற்றுங்கள். ஆடு பாதி பெருகிக்கொண்டிருக்கும்போது அணைந்துபோகிறவைதான் அவற்றில் அதிகம்.